சேலத்து வெயில்ல இருந்து ஏற்காட்டுப் பனி வரைக்கும்: கம்ப்யூட்டரை ஒரு வருஷம் முழுக்க பாத்துக்கறதுக்கு முழுமையான வழிகாட்டி

அம்மாபேட்டையில எங்க தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு அண்ணன் இருக்காரு, பட்டுச்சேலைக்கு பார்டர், முந்தி டிசைன் எல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டு தறிக்காரங்களுக்கு குடுக்கறவரு. போன வருஷம் சித்திரை கடைசியில ஒரு நாள் சாயங்காலம் திடீர்னு இருட்டிக்கிட்டு வந்துச்சு, ஏற்காடு மலைப்பக்கம் ரெண்டு மின்னல், மூணாவது இடி தெருவுலயே விழுந்த மாதிரி சத்தம். அவரு கம்ப்யூட்டர் ஓடிக்கிட்டே இருந்துச்சு. அடுத்த நாள் காலைல கேபினெட்ட அப்படியே தூக்கிட்டு, கம்ப்யூட்டர் ரிப்பேர் பாக்கற என்கிட்ட வந்தாரு. உள்ள கரண்ட் குடுக்கற எஸ்எம்பிஎஸ் டப்பா போச்சு, எல்லாத்தையும் இணைக்கற மதர்போர்டு போச்சு, அதெல்லாம் காசு குடுத்தா வந்துரும், ஆனா ஹார்ட் டிஸ்க்கும் சேந்து போச்சு, பதினோரு வருஷமா போட்ட டிசைன் எல்லாம் அந்த ஒரே டிஸ்க்லதான். ரெக்கவரிக்கு அனுப்பி பாதிதான் திரும்ப வந்துச்சு. அவரு என் முன்னாடி ஒண்ணும் பேசாம உக்காந்திருந்தது இன்னைக்கும் கண்ணுல நிக்குது.

அன்னைக்கு ஆரம்பிச்சதுதான், ஒரு நோட்டு போட்டு எந்த மாசம் யாரு என்ன கம்ப்ளைண்ட்டோட வராங்கன்னு எழுதிட்டு வரேன். ஒரு வருஷம் ஆனதும் பொரட்டிப் பாத்தா நல்லா தெரியுது, மாம்பழத்துக்கு சீசன் இருக்கற மாதிரி கம்ப்யூட்டர் ரிப்பேருக்கும் நம்ம ஊருல சீசன் இருக்கு. பங்குனி சித்திரைல சூடு, வைகாசி வரைக்கும் இடி, ஆடில காத்து தூசி கரண்ட் ஏத்த இறக்கம், ஐப்பசி கார்த்திகைல ஈரம், மார்கழில மலை மேல பனி. வரதுக்கு ஒரு மாசம் முன்னாடி அதுக்கான வேலைய செஞ்சுட்டா பாதிக்கு மேல செலவே வராது. அந்த வேலைகளைத்தான் வரிசையா சொல்றேன்.

எல்லாத்துக்கும் முன்னாடி: காப்பி எடுத்து வெக்கறது

மிஷின் போனா வாங்கிக்கலாம், உள்ள இருக்கறத வாங்க முடியாது, அதனால இந்த வேலைக்கு மட்டும் மாசம் பாக்காதீங்க, இன்னைக்கே செய்ங்க.

முதல்ல டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், டி டிரைவ்னு செதறிக் கிடக்கற எல்லாத்துலயும் முக்கியமானத மட்டும் ஒரே ஃபோல்டருக்குள்ள கொண்டு வாங்க. "முக்கியம்"னு தமிழ்லயே பேரு வெச்சுக்கலாம், விண்டோஸ் ஏத்துக்கும். இதை செய்யாததாலதான் பேக்கப் எடுத்தும் "அய்யோ அந்த ஃபைல் டெஸ்க்டாப்ல இருந்துச்சே"ன்னு பின்னாடி வருத்தப்படறாங்க. அடுத்து ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க், முடிஞ்சா ரெண்டு. வாரத்துல ஒரு நாள் முடிவு பண்ணிக்கோங்க, நான் வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் செய்யறேன், அப்பதான் மறக்காது. டிஸ்க்க சொருகி, ஃபோல்டர காப்பி பண்ணி, பேருல தேதி போட்டு, சேஃப்லி ரிமூவ் குடுத்து, கழட்டி பீரோவுல வெச்சுருங்க. கழட்டறதுதான் இதுல உயிர். சொருகியே விட்டா இடி விழுந்தா ரெண்டும் சேந்து போகும், ஃபைலை எல்லாம் பூட்டி வெச்சு பணம் கேக்கற ரான்சம்வேர் வந்தாலும் ரெண்டையும் சேத்துதான் பூட்டும்.

ரெண்டாவது டிஸ்க் வேற வீட்டுல இருக்கணும். என்னோடது ஏற்காட்டுல மாமா வீட்டுல இருக்கு, ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ மேல போறப்ப மாத்திட்டு வருவேன். அப்படி இடம் இல்லாதவங்க ரொம்ப முக்கியமானத மட்டும் கூகுள் டிரைவ்ல போடலாம், 15 ஜிபி இலவசம், ஆனா ஜிமெயிலுக்கும் ஃபோட்டோஸுக்கும் சேத்துதான் அந்த 15, ஞாபகம் வெச்சுக்கோங்க. இன்னொன்னு, சிங்க், அதாவது ரெண்டு பக்கமும் தானா ஒரே மாதிரி மாறிக்கறது, பேக்கப் ஆகாது. நீங்க இங்க அழிச்சா அங்கயும் அழியும், டிரைவோட குப்பைத்தொட்டியில 30 நாள்தான் இருக்கும். பென்டிரைவ நம்பி எதையும் வருஷக்கணக்குல வெக்காதீங்க, அது ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்கு எடுத்துட்டு போறதுக்கு மட்டும்தான்.

காப்பி எடுத்தாச்சுன்னு நிம்மதியா உக்காராம, மாசம் ஒரு தடவ அந்த டிஸ்க்க வேற ஒரு கம்ப்யூட்டர்ல சொருகி அஞ்சு ஃபைல தொறந்து பாருங்க. தொறந்தாத்தான் அது பேக்கப்.

புது லேப்டாப் வாங்கினவங்களுக்கு இன்னொரு வேலை இருக்கு. விண்டோஸ் 11ல 24எச்2 பதிப்பு புதுசா போட்டு மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல லாகின் பண்ணா பெரும்பாலும் டிஸ்க்க தானாவே என்கிரிப்ட் பண்ணிரும், அதாவது சாவி இல்லாம படிக்க முடியாதபடி பூட்டிரும். நல்லதுதான், லேப்டாப் திருடு போனாலும் உள்ள இருக்கறத எடுக்க முடியாது. ஆனா ஒரு நாள் பயாஸ் (விண்டோஸ் வரதுக்கு முன்னாடி ஓடற போர்டோட சொந்த சாஃப்ட்வேர்) அப்டேட் ஆகியோ போர்டு மாத்தியோ ஆன் பண்ணா, நீலக் கலர் ஸ்க்ரீன்ல 48 நம்பர் கொண்ட பிட்லாக்கர் ரெக்கவரி கீ, அதாவது அந்தப் பூட்டோட சாவி, கேக்கும். அது இல்லைன்னா எந்த சர்வீஸ்காரரும் ஒண்ணும் செய்ய முடியாது, நானும்தான். அதனால இப்பவே மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் சைட்டுக்கு போங்க, டிவைசஸ்ல உங்க லேப்டாப்ப தேர்ந்தெடுங்க, அதுல ரெக்கவரி கீ இருக்கும், பேப்பர்ல எழுதி ரேஷன் கார்டு வெக்கற இடத்துல வெச்சுருங்க.

மாசி பங்குனி: வெயிலுக்கு முன்னாடி தூசி

சேலத்துல ஏப்ரல் மே வந்தா 40 டிகிரி சாதாரணம். வெளிய 40னா கேபினெட் உள்ள கேக்கவே வேண்டாம். சிபியு, அதாவது போர்டு மேல இருக்கற ப்ராசஸர் சிப், 95, 100 டிகிரிக்கு பக்கத்துல போனா தன்னைக் காப்பாத்திக்க வேகத்த கொறைச்சுக்கும், இன்னும் ஏறினா பொட்டுனு ஆஃப் ஆகும். "மத்தியானம் ஆனா கம்ப்யூட்டர் ஸ்லோ ஆகுது தம்பி, காலைல நல்லா ஓடுது"ன்னு யாராவது சொன்னா அது வைரஸ் இல்ல, சூடு.

நம்ம பக்கம் தறி ஓடற வீடுகள்ல தூசி வேற மாதிரி. சாதா மண் தூசி ஊதினா போயிரும், நூல் பஞ்சு அப்படி இல்ல, சிபியு சூட்ட இழுக்கற ஹீட்சிங்க் தகட்டுக்கு நடுவுல போய் கம்பளி மாதிரி படிஞ்சுரும், மேல பாத்தா ஃபேன் சுத்தும், ஆனா காத்து கீழ இறங்காது. தறி இருக்கற வீட்டுல மூணு மாசத்துக்கு ஒரு தடவ, மத்தவங்க வருஷத்துக்கு ரெண்டு தடவ இதை செய்யணும்.

ஷட்டவுன் பண்ணி, பின்னாடி பவர் கார்டை உருவி, பவர் பட்டனை ஒரு பதினஞ்சு செகண்டு அமுக்கிப் பிடிங்க, மிச்ச கரண்ட் இறங்கும். கேபினெட்ட வாசலுக்கோ மாடிக்கோ கொண்டு போங்க, ரூமுக்குள்ள ஊதினா அதே தூசி திரும்ப உள்ளதான் போகும். பக்கத்து மூடிய கழட்டினதும் பெயிண்ட் இல்லாத இரும்பை ஒரு தடவ கையால தொடுங்க, ஒடம்புல இருக்கற ஸ்டாட்டிக் இறங்கிரும். பெயிண்ட் பிரஷ் ஒண்ணு புதுசா வாங்கி மெதுவா தட்டி விட்டுட்டு அப்புறம் புளோயர் பிடிங்க, ஒரு அடி தள்ளி. ஃபேன் றெக்கைய ஒரு விரலால பிடிச்சுக்கணும், சுத்த விடக்கூடாது, புளோயர் வேகத்துல சுத்தினா பேரிங் போயிரும். எஸ்எம்பிஎஸ வெளிய இருந்து மட்டும் ஊதுங்க, தொறக்கவே கூடாது, கார்டை உருவினதுக்கு அப்புறமும் அதுக்குள்ள கெப்பாசிட்டர்ல உசுர எடுக்கற அளவு கரண்ட் நிக்கும்.

மூணு நாலு வருஷம் ஆன மிஷின்னா சிபியு மேல இருக்கற, சூட்ட ஹீட்சிங்குக்கு கடத்தற தெர்மல் பேஸ்ட் காஞ்சு சுண்ணாம்பு மாதிரி ஆயிருக்கும். ஹீட்சிங்க கழட்டி, ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால பழச தொடச்சு எடுத்துட்டு, புதுசு ஒரு பச்சைப்பட்டாணி அளவு நடுவுல வெச்சு நேரா அமுக்குங்க, போதும். சந்தனம் பூசற மாதிரி அப்ப வேண்டியதில்ல. முடிச்சதும் கோர் டெம்ப் மாதிரி ஒரு இலவச சாஃப்ட்வேர் போட்டுப் பாருங்க, சும்மா இருக்கறப்ப நாப்பது அம்பதுக்குள்ள இருந்தா நம்ம ஊரு வெயிலுக்கு நல்லாவே இருக்கு.

லேப்டாப்ப மெத்தை மேல, தலகாணி மேல வெச்சு ஓட்டாதீங்க, காத்து இழுக்கற ஓட்டை அடிப்பக்கம் இருக்கு. எந்நேரமும் சார்ஜர்லயே இருந்தா, அந்த கம்பெனி ஆப்ல 80 சதவீதத்தோட நிறுத்தற வசதி இருக்கும், போட்டு விடுங்க. டச்பேட் மேல தூக்கிக்கிட்டு வந்தாலோ மூடி சரியா மூடலைன்னாலோ பேட்டரி உப்பிருச்சுன்னு அர்த்தம், அன்னைக்கே நிறுத்திருங்க, சார்ஜ் போடாதீங்க, குத்தி காத்து எடுக்கலாம்னு எவனாவது சொன்னா கேக்காதீங்க, தீ பிடிக்கும்.

சித்திரை வைகாசி: இடி, எர்த், யுபிஎஸ்

இந்தப் பகுதியத்தான் நான் ரொம்ப அக்கறையா சொல்றேன், ஏன்னா நோட்டுல அதிகமா பணம் போனது இங்கதான்.

மத்தியானம் புழுக்கமா இருந்து சாயங்காலம் மேகம் கட்டினா, மொத இடி கேக்கறதுக்குள்ள பிளக்க உருவிருங்க. சுவிட்ச ஆஃப் பண்ணா போதாதான்னு கேப்பாங்க, சுவிட்ச் உள்ள இருக்கற இடைவெளி சில மில்லிமீட்டர்தான், வானத்துல இருந்து மண்ணுக்கு தாவி வரதுக்கு அது ஒரு தடையே இல்ல. சர்ஜ் புரொடக்டர் நல்ல பொருள்தான், ஆனா லைன்ல வர சின்ன சின்ன ஏத்தத்தத்தான் அது தாங்கும், பக்கத்துல நேரா விழுந்தா அதுவும் சேந்து கருகும். பவர் கார்டோட நிறுத்தாதீங்க. ஃபைபர் இண்டர்நெட்டுன்னா கண்ணாடி இழை கரண்ட் கடத்தாது, சரி, ஆனா அந்த மோடம் டப்பாவுக்கு அடாப்டர் இருக்கு, அதுல இருந்து கம்ப்யூட்டருக்கு செம்பு லேன் கேபிள் வருது, அந்த வழியா வந்து லேன் போர்ட்டு கருகின போர்டு போன வருஷம் மட்டும் நாலு பாத்தேன். மாடிக்கும் கீழ் வீட்டுக்கும், இல்ல எதிர் வீட்டுக்கும் ஆகாசத்துல லேன் கேபிள் இழுத்திருந்தா அதை முதல்ல உருவுங்க. டிடிஎச், கேபிள் வயரு டிவிக்கு போய் டிவியில இருந்து எச்டிஎம்ஐ வழியா கம்ப்யூட்டருக்கு வந்தா அதையும்.

அடுத்தது எர்த். கேபினெட்ட தொட்டா சுர்ருனு இழுக்குதுன்னு நெறைய பேரு சொல்லுவாங்க, அதுக்கு காரணம் தெரிஞ்சுக்கோங்க. எஸ்எம்பிஎஸ் வாசல்லயே ரெண்டு குட்டி கெப்பாசிட்டர், ஒண்ணு ஃபேஸ்ல இருந்து இரும்புக்கு, ஒண்ணு நியூட்ரல்ல இருந்து இரும்புக்கு. எர்த் ஒழுங்கா இருந்தா அந்த கசிவு மண்ணுக்கு போயிரும். எர்த் இல்லைன்னா இரும்பு நடுவுல தொங்கும், 230 வோல்ட்டோட பாதி, அதாவது 115 பக்கத்துல. கரண்டோட அளவு ரொம்ப கொஞ்சம்ங்கறதால ஆளுக்கு பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது, ஆனா அந்த நெலமையில யுஎஸ்பி, எச்டிஎம்ஐ சொருகினா போர்ட்டு போகும். முக்கியமா, வீட்டுல எர்த் இல்லைங்கறதுக்கு அது ஒரு அறிவிப்பு, கிரைண்டர் வாஷிங்மெஷினுக்கும் சேத்துதான்.

அதனால எலக்ட்ரீஷியன் அண்ணன் யாரையாவது கூப்ட்டு மல்டிமீட்டர்ல மூணு அளவு எடுக்கச் சொல்லுங்க. ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல 230 பக்கம் வரணும், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் அதே அளவு வரணும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ரெண்டு மூணு வோல்ட்டுக்குள்ள இருக்கணும். கடைசி அளவு பத்து இருபதுன்னு வந்தா எர்த் சரியில்ல. நம்ம ஊரு கரட்டு மண்ணு, கோடையில காஞ்சு போனா எர்த் குழி வேலை செய்யாது, பங்குனியில இருந்து வாரத்துக்கு ரெண்டு தடவ ஒரு குடம் தண்ணி அதுல ஊத்துங்க. எங்க அப்பா செடிக்கு ஊத்தறப்பவே அதுக்கும் ஊத்திருவாரு.

அடுத்து யுபிஎஸ், கரண்ட் போனா கொஞ்ச நேரம் தாங்கற பேட்டரி டப்பா. கடையில 600 விஏன்னு போட்டிருக்கறத பாத்து 600 வாட்ஸ் தாங்கும்னு நெனைக்காதீங்க, பெரும்பாலும் 360 வாட்ஸ்தான் இருக்கும். அதுல கம்ப்யூட்டரும் மானிட்டரும் மோடமும் போதும். லேசர் பிரிண்டர அதுல சொருகவே சொருகாதீங்க, பேப்பர சூடு பண்ற ரோலர் ஒரு நொடியில இழுக்கற இழுப்புக்கு யுபிஎஸ் கத்திட்டு விழுந்துரும். உள்ள இருக்கறது 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி, ரெண்டு மூணு வருஷம்தான் ஆயுசு, நம்ம வெயிலுக்கு ரெண்டுன்னே வெச்சுக்கோங்க. மாசம் ஒரு தடவ எல்லா ஃபைலையும் சேவ் பண்ணிட்டு, சுவத்து சுவிட்ச ஆஃப் பண்ணிப் பாருங்க. பத்து நிமிஷம் நின்னா நல்லாருக்கு, ஒரு நிமிஷத்துல போனா பேட்டரிய மட்டும் மாத்துங்க, புது யுபிஎஸ் வாங்க வேண்டாம். வீட்டுக்கே இன்வெர்ட்டர் இருக்கறவங்க பின்னாடி பாருங்க, யுபிஎஸ் மோடுன்னு ஒரு சுவிட்ச் இருக்கும், அதுல வெச்சா கரண்ட் மாறற நேரம் கொறஞ்சு கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகாது.

ஆடி: "ஆன் ஆக மாட்டேங்குது"

கோட்டை மாரியம்மன் பண்டிகை நேரம், காத்து, மரக்கிளை லைன்ல உரசறது, பராமரிப்புக்குன்னு நாள் பூரா கரண்ட் நிறுத்தறது, எல்லாம் சேந்து ஆடியில இந்த ஒரு கம்ப்ளைண்ட்டுதான் வரும். என்கிட்ட தூக்கிட்டு வரதுக்கு முன்னாடி இதை செஞ்சு பாருங்க.

லைட்டே எரியல, ஃபேன் சுத்தலைன்னா அதே பிளக்குல செல்ஃபோன் சார்ஜர சொருகிப் பாருங்க, பிளக் உசுரோட இருக்கான்னு தெரிஞ்சுக்கணும். எஸ்எம்பிஎஸ் பின்னாடி குட்டி சுவிட்ச் ஒண்ணு இருக்கு, கூட்டறப்ப பெருக்கறப்ப கைபட்டு ஆஃப் ஆயிருக்கும். பழைய எஸ்எம்பிஎஸ்ல சிவப்பா 115, 230ன்னு இன்னொரு சுவிட்ச் இருந்தா அது 230லதான் இருக்கணும், கொழந்தைங்க நகத்தால தள்ளி 115ல வெச்சுட்டு ஆன் பண்ணா டமார்தான். கார்டை மாத்திப் பாருங்க.

ஃபேன் சுத்துது ஆனா ஸ்க்ரீன் கருப்புன்னா பத்துக்கு ஏழு தடவ ராம்தான், போர்டுல நீட்டமா சொருகி இருக்கற மெமரி பட்டை. கார்டை உருவிட்டு ராம்ம கழட்டி, தங்கக் கலர் பல்ல சாதா பென்சில் ரப்பரால மெதுவா தேச்சு, துகள தட்டிட்டு, ரெண்டு பக்கமும் டக்குனு சத்தம் வர வரைக்கும் அமுக்குங்க. ரெண்டு ராம் இருந்தா ஒண்ணை மட்டும் போட்டுப் பாருங்க, அப்புறம் இன்னொன்ன. தனியா கிராஃபிக்ஸ் கார்டு இருந்தா மானிட்டர் வயரு அதுல சொருகி இருக்கா இல்ல போர்டுல சொருகி இருக்கான்னு பாருங்க.

ஆன் ஆகுது, ஆனா தேதி பழசா காட்டுது, எந்த சைட்ட தொறந்தாலும் பாதுகாப்பு இல்லைன்னு வருதுன்னா பயப்படாதீங்க, போர்டுல இருக்கற சிஆர்2032 காசு பேட்டரி தீந்துருச்சு. வாட்ச் கடையில கெடைக்கும், மாத்திட்டு தேதிய சரி பண்ணா எல்லா சைட்டும் தொறக்கும். இதுக்கு போய் விண்டோஸ் ஃபார்மேட் பண்ணி ஆயிரம் ரூபா வாங்கினவங்கள நான் பாத்திருக்கேன், மனசுக்கு கஷ்டமா இருக்கும்.

விண்டோஸ் வந்து நடுவுல நின்னு போச்சுன்னா, 2025ல இருந்து விண்டோஸ் 11ல அந்தப் பழைய நீல ஸ்க்ரீன் கருப்பா மாறிருச்சு, கருப்பா வந்தாலும் அதேதான், கீழ இருக்கற ஸ்டாப் கோட ஃபோட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. அடுத்து கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர், அதுல டிஸ்க்கு நேரா நீலம் இருந்தா நல்லது. மஞ்சள்ல காஷன்னு வந்தா வேற எந்த வேலையும் பாக்காம ஃபைல காப்பி எடுங்க. அந்த நேரத்துல டிஸ்க்க சரி பண்ற செக்டிஸ்க் ஓட்டினா சாகற டிஸ்க்க ஓட ஓட அடிக்கற மாதிரி ஆகும், மொதல்ல காப்பி, அப்புறம்தான் ரிப்பேர். கடக் கடக்னு சத்தம் வந்தா ஆஃப் பண்ணிட்டு எடுத்துட்டு வாங்க, திரும்ப திரும்ப ஆன் பண்ணிப் பாக்காதீங்க. டிஸ்க் நல்லா இருந்தா மட்டும் கமாண்ட் பிராம்ப்ட்ட அட்மினா தொறந்து எஸ்எஃப்சி, ஒரு ஸ்பேஸ், ஸ்லாஷ் ஸ்கேன்நவ்னு ஆங்கிலத்துல அடிச்சு ஓட விடுங்க, கெட்டுப் போன விண்டோஸ் ஃபைல அதுவே மாத்தும்.

புரட்டாசி ஐப்பசி: விண்டோஸ் 10 முடிஞ்சதும் தீபாவளி விலையும்

2025 அக்டோபர் 14 விண்டோஸ் 10க்கு கடைசி நாள், தீபாவளிக்கு ஆறு நாள் முன்னாடி. அந்த வாரம் பாதி ஊரு புது லேப்டாப் வாங்கணுமான்னு கேட்டுச்சு. அவசரப்பட வேண்டாம்னுதான் எல்லாருக்கும் சொன்னேன். கடைசி நாள்னா ஓடாம நின்னுராது, பாதுகாப்பு அப்டேட் நின்னுரும், அவ்வளவுதான், ஆனா பேங்க் வேலை பாக்கற மிஷின்ல அது சின்ன விஷயம் இல்ல.

மொதல்ல உங்க மிஷின் விண்டோஸ் 11க்கு ஏறுமான்னு பாருங்க. விண்டோஸ் கீயோட ஆர் அமுக்கி டிபிஎம் டாட் எம்எஸ்சின்னு ஆங்கிலத்துல அடிங்க. டிபிஎம்ங்கறது விண்டோஸ் 11 கேக்கற பாதுகாப்பு சிப், 2.0ன்னு வந்தா ஒரு தடை தாண்டியாச்சு. இல்லைன்னு வந்தா ஒடனே நம்பிராதீங்க, நெறைய போர்டுல இருந்தும் பயாஸ்ல அணைஞ்சு கிடக்கும், இன்டெல்லுல பிடிடி, ஏஎம்டில எஃப்டிபிஎம்ங்கற பேருல இருக்கும், ஆன் பண்ணுங்க. சிபியு இன்டெல்லுல எட்டாவது தலைமுறை, ரைசன்ல 2000 வரிசைக்கு மேல இருந்தா பெரும்பாலும் ஏறும், ராம் 4 ஜிபியும் டிஸ்க் 64 ஜிபியும் கொறஞ்சபட்சம்.

ஏறலைன்னா ரெண்டு வழி. ஒண்ணு, இஎஸ்யுன்னு நீட்டிப்பு, 2026 அக்டோபர் 13 வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் வரும். விண்டோஸ் அப்டேட் பக்கத்துலயே சேர்ற இடம் இருக்கு, மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல லாகின் பண்ணி செட்டிங்ஸ பேக்கப் பண்ண ஒத்துக்கிட்டா காசு கெடையாது. ரெண்டாவது வழி லினக்ஸ் மின்ட், விண்டோஸுக்கு பதிலா போடற இலவச ஆபரேட்டிங் சிஸ்டம். அரசாங்கம் 2011ல இருந்து குடுத்த விலையில்லா லேப்டாப்புல சில இன்னும் நம்ம பசங்ககிட்ட இருக்கு, அதுல ஒரு எஸ்எஸ்டி, அதாவது சுத்தாத வேகமான டிஸ்க், போட்டு மின்ட் ஏத்திக் குடுத்தா படிக்கறதுக்கும் யூடியூபுக்கும் தாராளமா ஓடுது. பென்டிரைவ்ல போட்டு இன்ஸ்டால் பண்ணாமலே ஓட்டிப் பாக்கலாம், பிடிச்சா போடுங்க. டாலி கணக்கு சாஃப்ட்வேர் ஓட்டற கடைக்கு மட்டும் இது சரிப்படாது.

புது ராம் போடலாம்னு நெனைச்சவங்களுக்கு அந்த நேரம் சரியா அமையல. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி மொத்தமா போக ஆரம்பிச்சு 2025 கடைசியில விலை ஏறிக்கிட்டே போச்சு, டிசம்பர் மாசம் மைக்ரான் கம்பெனி தன்னோட குருஷியல்ங்கற ராம், எஸ்எஸ்டி பிராண்ட நிறுத்தறேன்னே அறிவிச்சுருச்சு. அதனால 8 ஜிபி இருக்கறவங்க 16க்கு ஏத்தறதுக்கு முன்னாடி டாஸ்க் மேனேஜர்ல மெமரி எவ்வளவு ஓடுதுன்னு நாலு நாள் பாருங்க. 80 சதவீதத்த தாண்டலைன்னா ராம் வேண்டாம். இன்னும் சுத்தற ஹார்ட் டிஸ்க்லதான் விண்டோஸ் இருக்குன்னா அதை எஸ்எஸ்டிக்கு மாத்துங்க, குடுக்கற காசுக்கு அதுதான் கண்ணுல தெரியற வித்தியாசம். கிளோன்ஸில்லா மாதிரி இலவச சாஃப்ட்வேர்ல அப்படியே நகல் எடுத்துரலாம், எதுல இருந்து எதுக்குங்கறத ரெண்டு தடவ படிச்சுட்டு எண்டர் தட்டுங்க, மாத்திக் குடுத்தா உங்க ஃபைல் இருக்கற டிஸ்க் அழிஞ்சு காலி ஆயிரும்.

பண்டிகை சமயம் வர மோசடிய விட்டுட்டு போக முடியாது. ஸ்க்ரீன் முழுக்க "வைரஸ் வந்துருச்சு, இந்த நம்பருக்கு கூப்பிடு"ன்னு கத்தினா அது வெறும் வெப்சைட்தான். எஸ்கேப் கீய அமுக்கிப் பிடிங்க, போகலைன்னா கண்ட்ரோல் ஷிஃப்ட் எஸ்கேப் அமுக்கி பிரவுசர என்ட் டாஸ்க் குடுங்க. நம்பருக்கு கூப்பிடாதீங்க, தூரத்துல இருந்தே உங்க கம்ப்யூட்டர ஓட்ட விடற எனிடெஸ்க் போடச் சொன்னா போடாதீங்க. வாட்ஸ்அப்ல கல்யாணப் பத்திரிகைன்னு வர ஃபைல் பேரு ஏபிகேன்னு முடிஞ்சா அது பத்திரிகையே இல்ல, ஓடிபிய திருடற ஆப். தொட்டுட்டா ஒடனே ஏரோபிளேன் மோடுல போட்டு, வேற ஃபோன்ல இருந்து பேங்குக்கும் சைபர் குற்ற உதவி எண் 1930க்கும் கூப்பிடுங்க. பணம் போயிருந்தா நிமிஷம் முக்கியம், வெக்கப்பட்டு வீட்டுல மறைக்காதீங்க, யாரும் திட்டக்கூடாது.

கார்த்திகை மார்கழி: மலை மேல

ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினா வேற சீதோஷ்ணம். மாமா அங்க காபி தோட்டத்துக்கு பக்கத்துல நாலு ரூம் வாடகைக்கு விடறாரு, பில் போடறதுக்கு ஒரு கம்ப்யூட்டர். "மாப்ள, இங்க சூடே இல்லியே, அப்புறம் ஏன் அடிக்கடி போகுது?"ன்னு கேப்பாரு. மலையில எதிரி ஈரம். மேகம் ஜன்னல் வழியா வீட்டுக்குள்ளயே வந்துட்டு போகும், சீசன் இல்லாதப்ப பத்து நாள் ஆன் பண்ணாம கிடந்த மிஷின்ல ராம் பல்லு, யுஎஸ்பி வாய் எல்லாம் பச்சை பிடிச்சுரும். அதனால வேலை இல்லைன்னாலும் தினமும் அரை மணி நேரம் ஓட விடுங்க, அதோட சொந்த சூட்டுலயே காஞ்சுக்கும். துணி போட்டு மூடறதா இருந்தா பிளாஸ்டிக் கவர் வேண்டாம், பருத்தித் துணி போதும், பிளாஸ்டிக் ஈரத்த உள்ளயே வெச்சுக்கும். சுவத்துல இருந்து ஒரு ஜாண் தள்ளி மேசை மேல இருக்கட்டும்.

பிரிண்டர்ல ரெண்டு மூணு பேப்பர் சேந்து சேந்து போய் மாட்டுதுன்னா பிரிண்டர் கெடல, பேப்பர் ஈரம். கட்ட பிரிச்சா மூடி போட்ட டப்பாவுல வெச்சு, வேணும்கறத மட்டும் எடுங்க. பில்லு வரிசையில நின்னு நகர மாட்டேங்குதுன்னா சர்வீசஸ தொறந்து பிரிண்ட் ஸ்பூலர நிறுத்தி, விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் வரைக்கும் போய் உள்ள இருக்கறத அழிச்சுட்டு திரும்ப ஸ்டார்ட் குடுங்க. கேமரா வெச்சிருக்கறவங்க லென்ஸ்ல பூஞ்சை வராம காத்து புகாத டப்பாவுல சிலிக்கா ஜெல்லோட வெக்கணும், ஜெல் கலர் மாறிருச்சுன்னா ஈரம் குடிச்சு முடிச்சுருச்சு, காய வெச்சு திரும்ப போடலாம்.

மலையில இருந்து கீழ வரவங்களுக்கு ஒண்ணு. விடியக்காலை குளிர்ல லேப்டாப்ப எடுத்துக்கிட்டு ஒரு மணி நேரத்துல சேலம் வந்து, புழுக்கமான வீட்டுக்குள்ள ஒடனே தொறந்தா, ஃபிரிட்ஜ்ல இருந்து எடுத்த சொம்பு வேர்க்கற மாதிரி உள்ளயும் வெளியவும் நீர் கோத்துக்கும். பைக்குள்ளயே ஒரு மணி நேரம் விட்டுட்டு அப்புறம் ஆன் பண்ணுங்க.

வைஃபை பத்தி சின்னதா. கல்லுச் சுவரு வீட்டுல ரவுட்டர மூலையில வெச்சுட்டு சிக்னல் இல்லைன்னா எப்படி, நடு ஹால்ல ஆளுயரத்துல வைங்க. 5 கிகாஹெர்ட்ஸ் வேகம், சுவரு தாண்டாது, 2.4 தாண்டும், வேகம் கம்மி. 2.4ல சேனல் 1, 6, 11 மூணுல எது காலியோ அதை போடுங்க.

போகி: எதை தூக்கிப் போடறது

போகிக்கு வீட்ட ஒழிக்கறப்ப பழைய வயரு, கீபோர்டு, செத்த யுபிஎஸ் எல்லாம் வாசலுக்கு வரும். தீயில போடாதீங்க, அந்தப் புகை கொழந்தைங்க மூச்சுக்கு ஆகாது. யுபிஎஸ் பேட்டரிக்கு ஈயத்துக்காக கடைக்காரரே காசு குடுத்து எடுத்துக்குவாரு, மத்தத அங்கீகாரம் உள்ள மின்கழிவு எடுக்கறவங்ககிட்ட குடுங்க. பழைய கம்ப்யூட்டர வித்தாலோ சொந்தக்காரப் பையனுக்கு குடுத்தாலோ, செட்டிங்ஸ்ல ரீசெட் திஸ் பிசி போய், எல்லாத்தையும் நீக்குன்னு குடுத்து, கூடவே கிளீன் டேட்டாங்கறதையும் ஆன் பண்ணுங்க. சும்மா டெலீட் பண்ணா திரும்ப எடுத்துரலாம்.

ஒழிக்கறப்ப பழைய சிடியில, டிஸ்க்ல அப்பா காலத்து பத்திரம், கோயில் கணக்கு, கல்யாணப் பத்திரிகை மேட்டர்னு தமிழ் ஃபைல் கெடைக்கும், தொறந்தா ஆங்கில எழுத்தா கிறுக்கலா தெரியும். கெட்டுப் போகல, அது பாமினி, வானவில் மாதிரி பழைய எழுத்துரு. அந்த எழுத்துருவ போட்டா தெரியும், ஆனா அதோட விடாதீங்க, என்எச்எம் கன்வெர்ட்டர் மாதிரி ஒண்ணுல எல்லா மிஷின்லயும் தெரியற யூனிகோடுக்கு மாத்தி சேவ் பண்ணுங்க, இன்னும் இருபது வருஷம் கழிச்சும் ஃபோன்லயே படிக்கலாம். புதுசா தமிழ் அடிக்க தனியா சாஃப்ட்வேர் வாங்க வேண்டாம், விண்டோஸ்லயே தமிழ்99 கீபோர்டு இருக்கு, லாங்குவேஜ் செட்டிங்ஸ்ல தமிழ சேத்தா போதும்.

அம்மாபேட்டை அண்ணன் இப்ப ரெண்டு டிஸ்க் வெச்சிருக்காரு. ஒண்ணு வெள்ளிக்கிழமை வீட்டுல, இன்னொன்னு கொண்டலாம்பட்டியில தங்கச்சி வீட்டுல. போன வாரம் இருட்டிக்கிட்டு வந்தப்ப நான் ஃபோன் பண்ணேன். "உருவிட்டேன் தம்பி, லேன் வயரையும்தான்"னாரு.